ஒன்றாம் எண் கின் லே

டுன் வை ஐந்து பக்கம் கேட்டான்.

"அஞ்சே பக்கம் போதும் டீச்சர். அதுக்கு மேல போனா காகிதம் கெடைக்காது. கின் லே அம்மா படிச்ச காலத்துல எப்படி இருந்தாங்க, நீங்க அவங்கள எப்படி உருவாக்குனீங்க, அந்த மாதிரி."

"நான் யாரையும் உருவாக்கல."

"சரி, அதையும் எழுதுங்க. அடக்கமா இருக்கும்."

அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது. நகராட்சியில் ஏதோ பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவன். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் என் வீட்டில் நாற்காலியில் உட்கார மாட்டான். தரையில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, முழங்கால் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே பேசுவான். மேலே உட்கார் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் சொல்வதில்லை.

ஒவ்வொரு டிசம்பரிலும் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி ஆசிரியர்களை வணங்கும் விழாவை ரங்கூனில் நடத்துகிறவன் இவன்தான். மிச்சமிருக்கும் கிழங்களையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு போய் மேடையில் வரிசையாக உட்கார வைப்பான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு நாற்காலி குறைகிறது. கீழே நூறு, நூற்றைம்பது பேர் மண்டியிட்டு, உடலாலும் வாக்காலும் மனத்தாலும் நாங்கள் உங்களுக்குச் செய்த குற்றங்களைப் பொறுத்தருள வேண்டும் என்று ஒரே குரலில் சொல்வார்கள். பிறகு ஒவ்வொருவராக எங்கள் காலடிக்கு வந்து தலை தரையில் பட மூன்று முறை வணங்கி, ஒரு துண்டோ சோப்போ ஓவல்டின் டப்பாவோ கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் நோய் நொடி இல்லாமல், ஆபத்து இல்லாமல் இருங்கள் என்று வாழ்த்த வேண்டும். நூறு தடவை வாழ்த்தினால் எனக்கு நாக்கு வறண்டுவிடும். என் வீட்டில் இப்போது நாற்பது துண்டு இருக்கிறது. நான் ஒருத்தி எத்தனை உடம்பைத் துவட்டுவது.

இந்த வருஷம் விழா மலர் ஒன்று போடப்போகிறார்கள். நம் பல்கலைக்கழகம் உருவாக்கிய பெரிய மனிதர்கள் என்று தலைப்பு. அதில் முதல் பெரிய மனிதர் கின் லே. போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். வழக்கறிஞராக இருந்து, வெளிநாட்டு மாநாடுகளிலெல்லாம் பேசி, பத்திரிகைகளில் படம் வந்து, நன்றாக வாழ்ந்துவிட்டுத்தான் போனாள். அவள் இரண்டாம் எண் கின் லே.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, முன்னால் மா, டோ, ஊ என்று வயதுக்கேற்ற மரியாதைச் சொல் மட்டும் உண்டு. ஒரே வகுப்பில் மூன்று கின் லே இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொள்வோம். அந்த எண்ணோடுதான் பரீட்சை எழுதுவார்கள், பட்டம் வாங்குவார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட எண் போட்டவர்கள் உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் எங்கள் விடுதியில் இரண்டு கின் லே இருந்தார்கள். தான் நுவெ என்பது என் பெயர், விடுதியின் துணை வார்டன். கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் எண்ணைப் பற்றி ஐந்து பக்கம் என்ன, ஐம்பது பக்கம்கூட எழுதலாம். ஒன்றாம் எண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் எண்ணுக்குத் தொண்டை பெரிது. அவள் மாடிப்படி இறங்கும்போதே அவளுக்கு இன்று யார் மேல் கோபம் என்று கீழே சமையல்காரருக்குத் தெரிந்துவிடும். ஒன்றாம் எண் இருப்பதே தெரியாது. பியாபொன் ஊர்க்காரி. அப்பா அங்கே தலைமை ஆசிரியர், பிரம்பைக் கையைவிட்டு இறக்காத மனிதர். அந்தப் பெண் கணக்கில் புலி. கணக்குப் பேராசிரியர் ஒருமுறை என்னிடம் வந்து, "உங்க விடுதிப் பொண்ணு ஒருத்தி கேட்ட கேள்விக்கு நான் வீட்டுக்குப் போய் பதில் தேடிட்டு வந்தேன்" என்று வெட்கப்படாமல் சொன்னார். அரசாங்கச் செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அடுத்த ஆவணியில் கப்பல் ஏறியிருப்பாள்.

அந்த வருஷம் நவம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்காக என்று இப்போது கேட்டால் எனக்கே பாதிதான் நினைவிருக்கிறது. விடுமுறை நாட்களைக் குறைத்தார்கள் என்று ஆரம்பித்தது, எங்கெங்கோ போனது. பெண்கள் விடுதியிலிருந்து யாரும் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று எங்கள் வார்டன் டோ மேபல் உத்தரவு போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் விடுதியே காலியாகிக் கூட்டத்துக்குப் போய்விட்டது. போனவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் எண் கின் லே மட்டும் ஒரு மேஜை மேல் ஏறி நின்று அரை மணி நேரம் பேசினாள்.

அன்று சாயங்காலமே பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்துவிட்டான். மேஜை மேல் ஏறிய பெண் கின் லே என்று தெரிகிறது, எந்தக் கின் லே, எண் என்ன, தந்தை பெயர் என்ன, எந்த ஊர், உடனே எழுதி அனுப்பவும். டோ மேபல் அதை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டு, "ஆச்சா, தான் நுவெ? அந்த ஆள் நிக்கிறான்" என்று இரண்டு தரம் கேட்டார். பேசியது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காவல்காரன் முதல் சமையல்காரர் வரை எல்லோரும் சொல்லியாயிற்று. பதிவேட்டைத் திறந்தேன். எண், தந்தை பெயர், ஊர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அதைப் பார்த்து எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், கொடுத்தேன். கண் ஒரு வரி மேலே போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஏன் அப்படி ஆயிற்று என்று முப்பத்திரண்டு வருஷமாக யோசிக்கிறேன். களைப்பு, அவசரம், மங்கலான விளக்கு என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஒன்றும் ஒட்டவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் பெண்கள் மீன் குழம்பு ஊற்றிய மொகிங்கா சேவையைத் தின்றுகொண்டே கூத்தடித்தார்கள். ஒருத்தி பெஞ்சு மேல் ஏறி நின்று இரண்டாம் எண் பேசியதை அப்படியே பேசிக் காட்டினாள். டோ மேபல் பக்கத்தில் இல்லாததால் நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் அலுவலக அறைக்குப் போனேன். நேற்று எழுதியதன் நகலைக் கோப்பில் வைக்க எடுத்தேன். மா கின் லே, எண் ஒன்று, தந்தை ஊ பான் ஞோ, பியாபொன் என்று என் கையெழுத்தில் இருந்தது.

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். பல்கலைக்கழக அலுவலகம் பத்து நிமிட நடை. உத்தரவு இன்னும் வரவில்லை. ஐயா, வரி மாறிவிட்டது என்று சொன்னால் தீர்ந்தது. நான் போகவில்லை. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. போர் என் வாழ்க்கையில் மூன்று வருஷத்தைத் தின்றுவிட்டு, முப்பத்தாறு வயதில்தான் இந்த வேலையையே கொடுத்திருந்தது. மூன்று மாதத்தில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். மாணவியின் பெயரை ஒழுங்காகப் பார்த்து எழுதத் தெரியாதவளை யார் நிரந்தரமாக்குவார்கள். திருத்தினால் இரண்டாம் எண் மாட்டிக்கொள்வாளே என்பதற்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பிற்பாடு தேடிக் கண்டுபிடித்த நியாயம். அன்றைக்கு எனக்கு இருந்தது பயம் மட்டும்தான்.

மத்தியானம் தலைவலி, காய்ச்சல் என்று சொல்லி விடுதியின் நோயாளி அறையில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை உத்தரவு வந்தது. ஒன்றாம் எண் கின் லேயை இரண்டு வருஷத்துக்குக் கல்லூரியை விட்டு நீக்கியிருந்தார்கள். டோ மேபல் அவளைக் கூப்பிட்டுச் சொன்னபோது, அன்றைக்கு நான் அறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்றாளாம். யார் பார்த்தார்கள் என்றால் ஒருவரும் இல்லை. எல்லோரும்தான் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்களே. வேண்டுமானால் தான் நுவெ டீச்சரைக் கேளுங்கள், அவருக்கு என்னைத் தெரியும் என்றாளாம். டீச்சருக்குக் காய்ச்சல், தொந்தரவு செய்யாதே, காகிதத்தில் உன் அப்பா பெயரே இருக்கிறது, அப்புறம் என்ன என்று டோ மேபல் சொல்லிவிட்டார். இதை டோ மேபலே எனக்குக் கஞ்சி கொண்டுவந்தபோது சொன்னார். "பாரு, பூனை மாதிரி இருந்துக்கிட்டு எப்படிப் பொய் சொல்லுதுன்னு." நான் கஞ்சியைக் குடித்தேன்.

சனிக்கிழமை காலையில் அவளுடைய சித்தி வந்து அழைத்துக்கொண்டு போனாள். கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பெண் நோயாளி அறைக்கு வந்தாள். ஊருக்குப் போகும் முன் ஆசிரியரை வணங்கிவிட்டுப் போவது வழக்கம். வாசலிலேயே மண்டியிட்டாள். கண் வீங்கியிருந்தது. மூன்று தரம் வணங்கினாள். நான் கட்டிலில் சாய்ந்தபடி நோய் நொடி இல்லாமல், ஆபத்து இல்லாமல் இரு என்று வாழ்த்தினேன். "உடம்பைப் பாத்துக்கங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் தினசரியில் ஒரு அறிவிப்பு வந்தது. பெற்றோர் சொல்லை மீறி நடந்த மா கின் லே, எண் ஒன்று, இன்று முதல் என் மகள் அல்ல, அவள் சம்பந்தப்பட்ட எதற்கும் நான் பொறுப்பல்ல, ஊ பான் ஞோ, தலைமை ஆசிரியர், பியாபொன். அந்த மாதிரி அறிவிப்புகள் தினமும் நாலைந்து வரும். கோபம் ஆறியதும் பெரும்பாலானவர்கள் பிள்ளையைத் திரும்ப வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள். ஊ பான் ஞோ சேர்த்துக்கொள்ளவில்லை. ஆறு வருஷம் கழித்துச் செத்துப்போனார். சாவுக்குப் போனவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருஷம் முடிந்தும் படிக்க வைக்க ஆளில்லாமல் அவள் பாத்தெய்னில் சித்தி வீட்டோடு தங்கிவிட்டாள். ஆரம்பப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டலும் பெருக்கலும் சொல்லிக்கொடுத்து முப்பது வருஷம் ஓட்டினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இரண்டாம் எண் அடுத்த பருவத்தில் ஒருநாள் தாழ்வாரத்தில் என்னை மறித்தாள். "டீச்சர், மேஜை மேல ஏறினது நான்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். அந்தப் பெரிய தொண்டை அன்றைக்குக் கம்மியிருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது. கிளாஸுக்குப் போ" என்றேன். போய்விட்டாள். அப்புறம் அவள் என் கண்ணைப் பார்த்துப் பேசியதே இல்லை. ஆனால் எந்த நாட்டுக்குப் போய் வந்தாலும் எனக்கு ஒரு பட்டுத் துணி வாங்கி அனுப்பிவிடுவாள். எனக்கு அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. வாயைத் திறக்க வந்தவளை மூட வைத்ததும் நான்தானே.

இதையெல்லாம் டுன் வையின் மலரில் எழுத முடியுமா. அவன் கேட்டபடி எழுதிக் கொடுத்தேன். தைரியசாலி, வாக்கு வன்மை, ஏழைகளுக்காக வாதாடியவர், ஐந்து பக்கம். பத்து நாள் கழித்து அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு வந்தான். வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தான்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு நான் சேத்துட்டேன். நீங்க அந்த மேஜைக் கதையை விட்டுட்டீங்களே. அது இல்லாம கின் லே அம்மாவா? கேளுங்க." படித்தான். மேஜை மேல் ஏறி முழங்கியவரை விட்டுவிட்டு, அதே பெயருள்ள ஒரு சாதுப் பெண்ணை நிர்வாகம் கல்லூரியை விட்டு அனுப்பிய வேடிக்கையை இன்றும் நண்பர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. எந்தக் குமாஸ்தாவின் கைத்தவறோ, நாட்டுக்கு ஒரு சிறந்த வழக்கறிஞர் கிடைத்தார். படித்து முடித்துவிட்டு அவனே சிரித்தான். "எந்த முட்டாள் எழுதுனானோ, புண்ணியவான்."

"ஒன்றாம் எண் கின் லே விழாவுக்கு வருவா, டுன் வை."

"வருவாங்களே. வருஷா வருஷம் வர்றாங்க, பாவம், பாத்தெய்ன்லேர்ந்து ராத்திரி கப்பல்ல. அவங்களும் சிரிப்பாங்க டீச்சர். எவ்ளோ காலம் ஆச்சு."

அந்த வரியை அடித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொல்லவேண்டியிருக்கும். "சரி" என்றேன். அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குனிந்தபடி வெளியே போனான்.

ஒன்றாம் எண் வருஷா வருஷம் எதற்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியும். வரிசையில் மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னிடம் வந்துதான் நிற்பாள். பாத்தெய்ன் அல்வா ஒரு டப்பா கொடுப்பாள். வணங்கும் முன் ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். "நீங்க மட்டும் அன்னிக்கு காய்ச்சல்ல படுக்காம இருந்திருந்தா டீச்சர், அந்த ஆபீஸ்காரங்களை ஒரு வழி பண்ணியிருப்பீங்க." அதாவது, எனக்காகப் பேச ஒருத்தர் இருந்தார், ஆனால் அன்றைக்கு என் நேரம் அவருக்கு உடம்பு சரியில்லை. இந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் முப்பத்திரண்டு வருஷம் இருந்திருக்கிறாள். நான் ஒவ்வொரு வருஷமும் தலையை ஆட்டி வாழ்த்தி அனுப்பியிருக்கிறேன்.

இந்த வருஷம் அவளுடைய வாழ்க்கை மலரில் வேடிக்கைச் செய்தியாக வரப்போகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். கட்டுரைக்குக் கீழே என் பெயர் இருக்கும். கின் லே அதைக் கப்பலில் உட்கார்ந்து படிப்பாள். டீச்சரே இப்படி எழுதிவிட்டாரே என்று நினைப்பாள். இல்லை, நினைக்கமாட்டாள். டீச்சருக்கு வயதாகிவிட்டது, யாரோ எழுதி வாங்கிவிட்டார்கள் என்று எனக்காக ஒரு சமாதானம் தேடிக்கொள்வாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் அதைப் படிப்பதற்கு முன்னால் என் வாயால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவள் பிடித்துக்கொண்டிருந்ததும் போய்விடும். சொல்லாவிட்டால் அது பொய். எது செய்தாலும் அவளுக்குத்தான் அடி.

விழா அன்று காலை ஒன்பது மணிக்கே கார் வந்துவிட்டது. மண்டபத்தில் வழக்கமான இரைச்சல். மேடையில் ஒன்பது நாற்காலி. என் பக்கத்தில் பழைய வேதியியல் ஆசிரியர், தொண்ணூறு வயது, உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார். மேடை ஓரத்தில் மலர்க் கட்டுகள் அடுக்கியிருந்தன. அட்டையில் இரண்டாம் எண் கின் லே சிரித்துக்கொண்டிருந்தாள். டுன் வை ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் மண்டியிட்டு ஒரே குரலில் மன்னிப்புக் கேட்டார்கள். உடலால், வாக்கால், மனத்தால். தப்புச் செய்தவள் மேலே நாற்காலியில், மன்னிப்புக் கேட்கிறவள் கீழே தரையில். நான் இறங்கிப் போய் அவள் காலில் விழவும் முடியாது. ஆசிரியர் மாணவியைக் கும்பிட்டால் பாவம் மாணவியின் தலையில்தான் விழும் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த நாற்காலி எனக்கு நன்றாகத்தான் அமைந்திருந்தது.

வரிசை நகர்ந்தது. துண்டு, சோப்பு, தைலம், துண்டு. வாழ்த்தினேன். பதினெட்டாவதோ இருபதாவதோ ஆளாகக் கின் லே வந்தாள். பழுப்பு நிறச் சட்டை, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, நரைத்த கொண்டை. இடுப்பிலிருந்து குனிந்தபடியே வந்து என் முன்னால் மண்டியிட்டாள். அல்வா டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கப்பல் லேட்டு டீச்சர். நேரா இங்கதான் வர்றேன். உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"மெலிஞ்சுட்டீங்க. சாப்பிடுறீங்களா?" பிறகு மேடை ஓரத்துப் படத்தைப் பார்த்தாள். "அவ போயிட்டா பாருங்க. நல்ல பொண்ணு. அவ மேல எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். அவளா எழுதினா? ஆபீஸ்ல எவனோ எழுதினான். நீங்க மட்டும் அன்னிக்கு காய்ச்சல்ல படுக்காம இருந்திருந்தா..."

"எனக்குக் காய்ச்சல் இல்ல கின் லே."

அவள் வணங்குவதற்காகக் கையைக் கூப்பியிருந்தாள். கூப்பியபடியே என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. உன் பேரை எழுதினது ஆபீஸ்ல இல்ல. நான்தான் எழுதினேன். பதிவேட்டைப் பாத்து எழுதும்போது வரி மாறிப் போச்சு. உன் நம்பரை எழுதிட்டேன்."

"வரி மாறிப் போச்சா?"

"ஆமா."

பின்னால் நின்ற ஆள் அசைந்தார். டுன் வை ஒலிபெருக்கியில், வரிசை கொஞ்சம் சீக்கிரம் நகரட்டும், சாப்பாடு ஆறுகிறது என்றான்.

கின் லே தலையை ஆட்டினாள். "அவசரத்துல ஆயிருக்கும்" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள். எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று, அந்த நிமிஷத்திலும். "எழுதறப்ப யாருக்கும் ஆகும். என் ஸ்கூல்ல நானே மார்க்கு மாத்தி எழுதியிருக்கேன். உங்களுக்குப் பின்னாடி எப்பவோதான் தெரிஞ்சிருக்கும், என்ன டீச்சர்?"

இங்கே ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் வணங்கிவிட்டுப் போயிருப்பாள். அல்வா டப்பாவும் அடுத்த வருஷம் வரும். அந்த ஆமாம் என் நாக்கு வரைக்கும் வந்தது. எனக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. இன்னொரு பொய்யைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தெம்பில்லை.

"இல்ல. மறுநாளே தெரியும்."

"மறுநாள்னா?"

"புதன்கிழமை காலைல."

அவள் கூப்பிய கைகளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். உதடு எதையோ எண்ணுவதுபோல அசைந்தது. புதன், வியாழன், வெள்ளி.

"நான் சனிக்கிழமை வரைக்கும் அங்கதான் இருந்தேன் டீச்சர்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. புரியாத கணக்கை இன்னொரு தரம் படித்துப் பார்ப்பதுபோலச் சொன்னாள். எழுபது வயதை நெருங்கியவள், அத்தனை பேர் முன்னால் மேடையில் உட்கார்ந்து அழுதேன். அடக்க முடியவில்லை, அடக்கவும் தோன்றவில்லை. பக்கத்து நாற்காலியில் கிழவர் விழித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். மாணவர் பாசத்தில் டீச்சர் கண்கலங்குகிறார் என்று கீழே யாரோ படம்கூட எடுத்தார்கள்.

கின் லே என்னைத் தேற்றவில்லை. கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள். எழுந்தவள் குனியவில்லை. ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் மேடையில் எவரும் நிமிர்ந்து நடப்பதில்லை. அவள் நிமிர்ந்து, மற்ற எட்டு நாற்காலியையும் கடந்து, படி இறங்கினாள். டுன் வை ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தான்.

"என்னக்கா, மயக்கமா? டீச்சரைக் கும்பிடலையே நீங்க."

"இல்ல தம்பி. கும்பிடல" என்றாள்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடு என்று கையைக் காட்டினேன். அவள் மண்டபத்தின் நடுவழியாகப் போய்ச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வெயிலில் இறங்கினாள். சாயங்காலம்தான் கப்பல். அதுவரை எங்கே போய் உட்காருவாள் என்று தெரியவில்லை.

அடுத்த ஆள் ஏற்கெனவே மண்டியிட்டுவிட்டார். வழுக்கைத் தலை, யார் என்று நினைவில்லை. தலை தரையில் பட மூன்று தரம் வணங்கிவிட்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் எண்பது பேர் இருந்தார்கள். நோய் நொடி இல்லாமல், ஆபத்து இல்லாமல் இரு என்று சொன்னேன்.